அசையாத பிள்ளை

பழைய படம் சேர்க்கிறவர்களிடம் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். அவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து தேநீர் குடித்ததைப்போல அருவருப்பான காரியம் என் வாழ்க்கையில் வேறு இல்லை. அடைத்துக்கொண்ட குழாயில் கையை விட்டால்கூட சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும். இது போகாது.

என் அறை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இருக்கிறது. வடக்குப் பார்த்த ஒரு ஜன்னல், ஒரு நீள மேசை, இரண்டு பீங்கான் தட்டு, தூசி ஊதுகிற ரப்பர் பந்து, பிளேடு, காகித நாடா. இவ்வளவுதான் என் ஆஸ்தி. இங்கேதான் வெள்ளித்தகட்டுப் படங்கள் வரும். பிலிமும் படக் காகிதமும் பரவுவதற்கு முந்திய காலத்தில், செப்புத் தகட்டில் வெள்ளி பூசி அதன்மேல் நேரடியாகப் படத்தை விழ வைத்தார்கள். ஒரு தடவை எடுத்தால் ஒரே ஒரு படம், நகல் கிடையாது. மேலே ஒரு கண்ணாடி, நடுவில் பித்தளைச் சட்டம், சுற்றிலும் காகித நாடா ஒட்டி ஒரு சின்னத் தோல்பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவார்கள். நான் அந்த நாடாவைக் கிழித்து, கண்ணாடியைக் கழுவி, புது நாடா ஒட்டிக் கொடுப்பேன். தகட்டை மட்டும் தொடமாட்டேன். வெள்ளியின்மேல் படம் தூசி மாதிரிதான் உட்கார்ந்திருக்கும். கட்டைவிரலால் ஓர் இழுப்பு இழுத்தால் ஆள் காலி.

இன்னொரு விஷயமும் உண்டு. சட்டத்திலிருந்து வெளியே எடுத்து மேசையில் படுக்கப்போட்டால் அது வெறும் முகம் பார்க்கிற கண்ணாடி, குனிந்தால் நம் மூஞ்சிதான் தெரியும். ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, எதிரே கறுப்பாக எதையாவது வைத்துக்கொண்டு சாய்த்தால்தான் உள்ளே இருக்கிற ஆள் எழுந்து வருவார். இது என்னைப் போன்ற நாலு பேருக்குத்தான் கைவந்த விஷயம். சேர்க்கிறவர்களுக்குத் தெரியாது. அவர்கள் எப்போதும் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே பார்க்கிறவர்கள்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் கூடுவார்கள். எல்லாருக்கும் பெரியவர் பல் டாக்டர். ஓய்வுபெற்று ஒன்பது வருடமாகிறது. வீட்டில் ஓர் அறை முழுக்க ஈரம் உறிஞ்சுகிற இயந்திரம் உறுமிக்கொண்டிருக்கும், சுவரோரம் வெல்வெட் விரித்த இழுப்பறைகள். கூடவே ஒரு வக்கீலும் ஒரு மருந்துக்கடைக்காரரும். மூன்று பேரும் சேர்த்தது ஒரே சரக்கு, செத்துப்போன குழந்தைகளின் படம்.

அந்தக் காலத்தில் அப்படி எடுத்துக்கொண்டார்கள். பிள்ளை போய்விடும், முகம் மறந்துவிடுமே என்று பெற்றவர்கள் படக்காரரைக் கூப்பிடுவார்கள். அதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. பெற்ற வயிறு என்ன செய்யும்? அதை எவனோ ஒருவன் நூற்றைம்பது வருடம் கழித்து வெல்வெட்டில் வைத்து, வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, பிஸ்கட் கடித்தபடி கைமாற்றிக் கைமாற்றிப் பார்ப்பதுதான் எனக்குக் குமட்டும். வாய் லேசாகத் திறந்திருக்கிற பிள்ளை என்றால் பல் டாக்டருக்குக் கொண்டாட்டம். லென்ஸை வைத்து, "கீழ்ப்பல்லு ரெண்டும் வந்திருச்சு பாருங்க, எட்டு மாசம்" என்பார். வக்கீல் ஒரு பெட்டிக்குள் படத்துக்குப் பின்னால் கிடைத்த தலைமுடிச் சுருளை முகர்ந்து பார்ப்பார். நான் பார்த்திருக்கிறேன். மருந்துக்கடைக்காரர் நாலு படங்களைச் சாப்பாட்டு அறையில் மாட்டியிருக்கிறார், சோறு இறங்குமா என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். "பழகிடும்மா" என்றார்.

நான் மட்டும் ஒழுங்கா? ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் போவேன். பிஸ்கட் கொடுத்தால் எடுத்துக்கொள்வேன். இதையும் சொல்லிவிட வேண்டும்.

உயிரோடு இருக்கிற பிள்ளை அவர்களுக்கு வேண்டாம், மதிப்பில்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு விதி வைத்திருந்தார்கள். அந்தக் காலத்துப் படப்பெட்டிக்கு முன்னால் ஒரு படத்துக்குப் பல நொடி அசையாமல் உட்கார வேண்டும். உயிருள்ள பிள்ளை அசையும், கலங்கி விழும். கலங்காமல் தெளிவாக விழுந்தால் அது பிணம். "அசையாத பிள்ளை" என்பார்கள், ஏதோ பலகாரத்தின் பெயரைச் சொல்வதுபோல நாக்கைச் சப்புக்கொட்டி. தூங்குகிற பிள்ளையும் அசையாதே என்று நான் ஒரு தடவை சொன்னேன். மூன்று பேரும் என்னைச் சமையல்கட்டிலிருந்து யாரோ குரல் கொடுத்தது மாதிரி பார்த்தார்கள்.

பல் டாக்டரிடம் இருந்ததிலேயே பெரிய பொக்கிஷம் ஒரு தாயும் பிள்ளையும். உயர முதுகுள்ள நாற்காலியில் கறுப்பு உடையில் ஒரு பெண். மடியில் இரண்டு வயதுப் பையன், கண் மூடி, தலை அவள் முழங்கையில். ஊசி முனையால் கீறியது போலத் தெளிவு. பையனின் இடது காதின் மேல்மடல் உள்பக்கமாக மடிந்திருக்கும். அந்தக் காதை வைத்தே டாக்டர் ஒரு மணிநேரம் பேசுவார். பிறவிக் கோளாறின் அடையாளமாம். இதயத்தையும் சேர்த்துப் பிடித்திருக்குமாம். இப்படிப்பட்ட பிள்ளை மூன்று வயதைத் தாண்ட வாய்ப்பே இல்லையாம். சொல்லிவிட்டுக் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைப்பார். நிஜக் கண்ணீர்தான். அதுதான் என்னை ஏமாற்றியது.

தாயைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. லென்ஸ் நேரே பிள்ளையின் இமைக்குப் போய்விடும்.

அந்தப் படத்தை நகலெடுக்க அவர் யாரையும் விட்டதில்லை. "காப்பி எடுத்தா மதிப்பு போச்சும்மா. உலகத்துல ஒண்ணுதான் இருக்கு, ஒண்ணாவே இருக்கட்டும்" என்பார். ஒரு பெரிய காட்சிசாலை அதை மூன்று மாதம் தனிச் சுவரில் வைக்கச் சம்மதித்திருந்தது. அவர்கள் ஆளைக்கூட அவர் பார்க்கத்தான் விட்டார், படம் எடுக்க விடவில்லை. திறப்பு விழா அன்றுதான் உலகம் பார்க்க வேண்டும் என்று ஆசை.

இந்த நேரத்தில்தான் என் சம்பந்தியம்மா வந்தார்.

என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்து மூன்று வருடம். நல்ல மனுஷிதான், ஆனால் என்னிடம் எதையும் கேட்டு வாங்குவது அவருக்கு மருந்து குடிக்கிற மாதிரி. வீடு மாற்றும்போது பழைய பெட்டியின் அடியில் கிடைத்தது என்று ஒரு தோல்பெட்டியை மேசையில் வைத்தார்.

"வெளியில கொடுத்தா நல்லா செய்வாங்கதான். சரி, வீட்டுக்குள்ளயே ஒருத்தங்க இருக்காங்களேன்னு கொண்டுவந்தேன்."

"வெச்சுட்டுப் போங்க சம்பந்தி. யாரு படம்?"

"எங்க வீட்டுக்காரரோட கொள்ளுத்தாத்தாவாம். சின்னப் பிள்ளையில எடுத்ததாம். எண்பத்தோரு வயசு இருந்தவரு. எங்க மாமனாரைத் தோள்ல தூக்கிட்டுச் சந்தைக்குப் போவாராம்."

அவர் படி இறங்கியதும் திறந்தேன். தகட்டை ஜன்னலுக்கு முதுகு காட்டிச் சாய்த்தேன். அதே நாற்காலி. அதே கறுப்பு உடை. அதே பையன். ஆனால் கண் திறந்திருக்கிறது, முட்டை முட்டையாக விழித்துப் பார்க்கிறான். வலது கையை எதற்கோ நீட்டியிருக்கிறான், கை இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி ஒரு கலங்கல். அம்மாக்காரி அவன் பக்கம் திரும்பியிருக்கிறாள், அதனால் அவள் முகமும் கலைந்து வெறும் வெளுப்பு. காது மட்டும் பளிச்சென்று, அதே மடிப்பு. அது என் மருமகனின் காது. மகளைப் பெண் பார்க்க வந்தபோதே நான் கவனித்த காது. எட்டு மாதப் பேரனுக்கும் அதே காது, தொப்பி போட்டால் அந்தப் பக்கம் மட்டும் நழுவும்.

தகட்டுக்குப் பின்னால் படக்காரர் கையால் எழுதிய சீட்டு ஒன்று இருந்தது. டாக்டர் படத்தில் இருக்கிற அதே பட்டறை முத்திரை, அதே தேதி. எழுதியிருந்தது இது: இரண்டாவது தகடு. பிள்ளை விழித்துக்கொண்டான். அசைந்து கெட்டுவிட்டது. காசு வாங்கவில்லை.

என் சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. தனியாக அந்த அறையில் வாய்விட்டுச் சிரித்தேன். நல்ல தகட்டைப் படக்காரர் மாதிரி காட்டக் கடை வாசலில் வைத்துக்கொண்டிருப்பார், கெட்டுப்போனதை அந்த அம்மாவிடம் கொடுத்திருப்பார். கெட்டுப்போனதுதான் குடும்பத்தோடு வந்திருக்கிறது. பிள்ளை சாகவில்லை. தூங்கினான், எழுந்தான், எண்பத்தோரு வயது வரை சந்தைக்குப் போனான்.

அப்புறம்தான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். பல் டாக்டருக்குத் தொலைபேசியில் சொன்னேன், சம்பந்தி வீடு, சீட்டு எல்லாவற்றையும். ஒரு பிள்ளை செத்ததற்கு அழுகிறவன் அது பிழைத்தது என்று கேட்டால் மகிழ்வான் என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருடம் கூட இருந்தும் எனக்குப் புத்தி அவ்வளவுதான்.

மறுமுனையில் அந்த ஈரம் உறிஞ்சுகிற இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

"யாருகிட்ட சொன்னீங்க?" என்றார்.

"இன்னும் யாருகிட்டயும் இல்ல டாக்டர்."

"படம் கிடம் எடுத்தீங்களா?"

எடுக்கவில்லை. கைத்தொலைபேசியில் எடுத்தால் நம் மூக்குதான் விழும். கறுப்புத் துணி கட்டி, விளக்கு வைத்து, ஒரு நாள் வேலை. அடுத்த வாரம் செய்யலாம் என்றிருந்தேன். அதையும் அப்படியே சொல்லித் தொலைத்தேன்.

கண்ணாடியைக் கழுவி, மூடி, சம்பந்தியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலு நாள் கழித்து, நகலெடுக்கலாமென்று படத்தை இரண்டு நாளைக்குக் கொடுங்கள் என்று கேட்டபோது, அது வீட்டில் இல்லை.

"உங்க டாக்டர் வந்திருந்தாரு" என்றார் சம்பந்தி. மேசையில் ஒரு பழக்கூடை, இன்னும் பிரிக்காத கண்ணாடித்தாளோடு. "என்ன மரியாதை! என்னை அம்மா அம்மான்னு கூப்பிட்டாரு. காட்சியில அவரோடதையும் எங்களோடதையும் பக்கத்துல பக்கத்துல வெப்பாங்களாம். கீழ எங்க குடும்பத்துப் பேரு போடுவாங்களாம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சம்பந்தி."

"ஏன், பெரிய மனுஷங்க உங்களுக்கு மட்டும்தான் தெரியணுமா?"

அந்தத் தகடு போனால் இவர் வீட்டுக் கொள்ளுத்தாத்தா இரண்டு வயதில் செத்துப்போனவராகக் காட்சிசாலைச் சுவரில் தொங்குவார். காதைக் காட்டி நாலு பேர் உச்சுக்கொட்டுவார்கள். இல்லை என்று சொல்ல நம்மிடம் வாய்ப்பேச்சு மட்டும்தான் இருக்கும். தகட்டை எப்படியாவது திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று வீடு வந்து சேர்ந்தேன். நான் போய்க் கேட்பதற்குள் அவரே வந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. இரண்டு தோல்பெட்டிகளையும் மேசையில் வைத்தார். ஒன்று அவருடையது, காட்சிக்கு முன்னால் புதுக் கண்ணாடி மாற்ற வேண்டும். இன்னொன்று எங்களுடையது.

"ரெண்டையும் பிரிச்சிடுங்கம்மா" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அதுவரை அவர் என் அறையில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. பெட்டியைக் கொடுப்பார், போய்விடுவார்.

எங்கள் தகடு என் மேசைக்கு வந்துவிட்டதே, இனி அது இந்தப் படியைத் தாண்டாது என்ற நினைப்பில் நான் வேகமாகவே பிரித்தேன். நாடாவைக் கிழித்து, கண்ணாடிகளைத் தட்டில் போட்டு, பித்தளைச் சட்டங்களை ஓரமாக வைத்தேன். இரண்டு தகடுகளையும் மையொற்றுத் தாளின்மேல் படுக்க வைத்தேன். அவருடையது இடப்பக்கம், எங்களுடையது வலப்பக்கம். ஒரே பட்டறை, ஒரே அளவு. இரண்டு சின்ன முகக்கண்ணாடி மாதிரி கிடந்தன, இரண்டிலும் கூரை தெரிந்தது. அவருடையதின் கீழ் மூலையில் நீலமாக ஒரு கறை உண்டு, எனக்கு அது அடையாளம். சட்டத்துக்குள் மறைந்திருக்கும் மூலை அது, அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"அவங்களோடது ரொம்பக் கருத்திருக்கும்மா" என்றார். "ஒரு தடவை துடைச்சிடுங்க."

"தகட்டைத் துடைக்கக் கூடாது டாக்டர். உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

சிரித்தார். பல் டாக்டர்களுக்கே உரிய சிரிப்பு, வலிக்காது வலிக்காது என்கிற சிரிப்பு.

"கை தவறிடுச்சுன்னு சொல்லுங்க. யாருக்கும் நடக்கிறதுதானே? உங்க சம்பந்தி ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வெச்சுப்பாங்க, அப்புறம் சரியாயிடும். சொந்தம்தானே. வக்கீலு, மருந்துக்கடைக்காரரு, வெளியூர்க்காரங்க எல்லாருக்கும் நான்தான் உங்களைச் சொல்லி அனுப்பறேன். இனிமேலும் அனுப்பணும்ல?"

"அந்தப் பிள்ளை சாகல டாக்டர்."

"என் படத்துல செத்துருக்கு."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை. குழந்தை பொம்மையைப் பிடுங்கி வைத்துக்கொள்ளுமே, அந்த உதட்டுப் பிதுக்கல்தான் இருந்தது. எழுபத்தொரு வயது. எனக்கு அவர் தொட்ட நாற்காலியைக்கூடத் தூக்கி வெளியே எறிய வேண்டும் போலிருந்தது.

"நான் செய்ய மாட்டேன். எங்களோடதை நான் எடுத்துக்கறேன், உங்களோடதை நீங்க எடுத்துட்டுக் கிளம்புங்க" என்றேன்.

"சரி, நீங்க செய்ய வேணாம்."

எழுந்தார். கையுறையைக் கழற்றிச் சட்டைப்பையில் திணித்தார். நான் மேசைக்கு அந்தப் பக்கம், ஜன்னலோரம் நின்றிருந்தேன், அவர் எதிர்ப்பக்கம். எனக்கு இடது அவருக்கு வலது. அவர் முன்னால் இரண்டு தகடுகள், இரண்டிலும் ஒன்றுமில்லை. ஒரு நொடி தடுமாறினார். வெல்வெட்டும் சட்டமும் இல்லாமல் அவர் தன் பொக்கிஷத்தைப் பார்த்ததே கிடையாது. தூக்கிச் சாய்த்துப் பார்த்திருக்கலாம். ஓரத்தை எப்படிப் பிடிப்பது என்று தெரியாது, என் எதிரில் தெரியாதவராக நிற்கவும் மனம் வராது.

கட்டைவிரல் அவருக்கு வலப்பக்கம் இருந்த தகட்டின்மேல் வந்து நின்றது.

"இதுதானே?"

அவர் மணிக்கட்டைப் பிடிக்க நான் கையை நீட்டிவிட்டேன். அந்தரத்தில் இருந்த கையோடு பார்த்தேன். விரலுக்குக் கீழே நீலக் கறை.

கையை இறக்கிக்கொண்டேன்.

"இத்தனை வருஷமா சேக்கிறீங்க" என்றேன். "உங்களுக்குத் தெரியாததா?"

என் குரல் எனக்கே இனிமையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட் வாங்கிக்கொள்ளும்போது வருகிற அதே குரல்.

அவர் குனிந்தார். தகட்டில் அவருக்குத் தெரிந்தது அவர் முகம்தான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே கட்டைவிரலை அழுத்தி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓர் இழுப்பு, திரும்ப ஒன்று, அப்புறம் சட்டை நுனியைச் சுற்றிக்கொண்டு வட்டவட்டமாகத் தேய்த்தார். கரண்டி துலக்குகிறது போல. மூச்சு வாங்கியது. மேலுதட்டில் வியர்வை. முடித்ததும் நிம்மதியாக நிமிர்ந்தார்.

"அந்தச் சீட்டையும் கொடுத்துடுங்க" என்றவர், என் முகத்தைப் பார்த்து நின்றார்.

நான் எங்கள் தகட்டை ஓரம் பிடித்துத் தூக்கி, என் கறுப்பு மேலங்கிக்கு நேரே சாய்த்து, அவர் பக்கம் காட்டினேன். பையன் எழுந்து வந்தான், விழித்த கண்ணும் புகைக் கையுமாக.

டாக்டரின் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை நான் வேறு எங்கும் கேட்டதில்லை. துடைத்த தகட்டைப் பிடுங்கி அப்படியும் இப்படியும் சாய்த்தார். ஒரு மூலையில் நாற்காலியின் முதுகு கொஞ்சம் மிச்சமிருந்தது. மற்றதெல்லாம் பளபளப்பு. தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுதார். எனக்குக்கூட ஒரு கணம் தண்ணீர் எடுத்துக் கொடுப்போமா என்று தோன்றியது.

தண்ணீர் எடுக்கத் திரும்புவதற்குள் அழுகை நின்றுவிட்டது.

"அம்மா" என்றார் கீழேயிருந்து. "இப்ப இது ஒண்ணுதானே இருக்கு?"

எங்கள் தகட்டை ஜன்னல் பக்கம் தள்ளி வைத்தேன்.

"அந்தக் காலத்துல இமையைத் தூக்கி ஒட்டியும் எடுப்பாங்க. கண்ணு திறந்த மாதிரி." முழங்காலில் கையூன்றி எழுந்தார். கண்ணில் ஈரம் காயவில்லை, ஆனால் வேறு ஒரு வெளிச்சம் வந்திருந்தது. "கை கலங்கியிருக்கில்ல, அதுக்கு ஒரு நூலைக் கட்டி யாராவது இழுத்திருக்கலாம். அப்படி ஒண்ணு உலகத்துலயே கிடையாதும்மா. சீட்டு மட்டும் இல்லேன்னா... உங்க சம்பந்தி விப்பாங்களா?"

கையில் என்ன அகப்பட்டது என்று எனக்கு நினைவில்லை. ரப்பர் பந்தாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் அவருக்கு அடிபடவில்லை. நான் கத்தியதில் கீழே கடைக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார். டாக்டரைப் படி இறக்கி விட்டது அவர்தான். துடைத்த தகட்டை டாக்டர் மறக்காமல் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டார். அதையும் ஏதாவது கதை சொல்லி யாருக்காவது காட்டுவார், எனக்குத் தெரியும்.

கதவைத் தாழிட்டேன். நாற்காலியை ஈரத்துணியால் துடைத்தேன். எங்கள் தகட்டுக்குப் புதுக் கண்ணாடி போட்டு, சீட்டை முதுகில் வைத்து, நாடா ஒட்டினேன். ஜெயித்துவிட்டோம் என்று ஒரு பொல்லாத குஷி. அந்தக் குஷியோடுதான் சாயங்காலம் சம்பந்தி வீட்டுக்குப் போனேன்.

பேரனை மடியில் போட்டுக்கொண்டு அவர் எல்லாவற்றையும் கேட்டார். நடுவில் எழுந்துபோய் அந்தப் பழக்கூடையை அப்படியே குப்பையில் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அதற்காகவே எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. படத்தை வாங்கி, பேரன் எட்டாத உயரத்தில் பிடித்துச் சாய்த்துப் பார்த்தார்.

"அந்தம்மா முகம் இதுல தெரியவே இல்லையே."

"திரும்பிட்டாங்க. அதான் கலைஞ்சிருச்சு."

"அந்தாளு அழிச்சதுல?"

"அதுல நல்லா தெரிஞ்சுது" என்றேன். சொல்லும்போதுதான் எனக்கு உறைத்தது.

"அப்ப நீங்க தடுத்திருக்கலாமே" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

தடுத்திருக்கலாம். பாதி வழி போய்த் திரும்பி வந்த கை இது. டாக்டரின் பொக்கிஷம் போகட்டும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இவர்கள் வீட்டுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த மூன்று பேரைப்போலவே நானும் அவளை நாற்காலியோடு சேர்த்துத்தான் வைத்திருந்தேன்.

"சரி விடுங்க. நீங்கதான் அத்தனை வருஷம் பாத்திருக்கீங்களே" என்று சம்பந்தி என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "சொல்லுங்க. எப்படி இருப்பாங்க? இவன் ஜாடை இருக்குமா? மூக்கு எப்படி?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணை மூடிப் பார்த்தேன். அந்தத் தகட்டை ஏழு தடவை பிரித்து ஒட்டியிருக்கிறேன். அவள் கன்னத்தில் மூன்று கீறல். நெற்றிக்கு மேலே ஊசிமுனை அளவில் இரண்டு புள்ளி. தாடையின் கீழே பச்சையாக ஒரு கறை, போன வருடத்தைவிடக் கொஞ்சம் பரவியிருந்தது.

"சொல்லுங்க சம்பந்தி" என்றார்.

பேரன் என் கையிலிருந்த மூக்குக்கண்ணாடியைப் பிடிக்க எட்டிக்கொண்டிருந்தான். எனக்கு அந்தக் கறைகள்தான் தெரிந்தன, முகம் வரவில்லை.